ஐந்தாவது மாடு

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கிற பண்ணை விடுதிகளில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு கூத்து நடக்கும். "சாண கேஸ்ல போட்ட காபி" குடிக்கச் சென்னையிலிருந்து வந்த குடும்பம் செல்போனை நீட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கும். சமையல்கார அண்ணன் வால்வைத் திருகிக் குச்சியைக் கிழித்துக் காட்டுவார். நீலச்சுடர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். இரண்டாவது குச்சி, மூன்றாவது குச்சி. "என்னண்ணா, மாட்டுக்கு வயிறு சரியில்லையா?" என்று படம் பிடிக்கிற தம்பி கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். விளையாட்டாகக் கேட்டாலும் அவன் சொன்னதுதான் நோய்.

தொழுவத்தில் நாலு மாடு நிற்கிறதென்றால், பக்கத்தில் மண்ணுக்குள் கிடக்கும் எரிவாயுக் கலன் ஐந்தாவது மாடு. அதற்கும் வேளாவேளைக்குத் தீனி வேண்டும், அதற்கும் அஜீரணம் வரும். பெரும்பாலும் தீனபந்து வகைதான். 1984இல் வந்த வடிவம், செங்கல் குவிமாடம். 2 கன மீட்டர் கலனுக்கு தினமும் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். கட்டியில்லாமல் கையால் கரைத்து, வைக்கோலையும் தேங்காய் நாரையும் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். விட்டுவைத்த நார் மேலே மிதந்து ஏடுபோல் இறுகிவிடும், வாயு மேலேறாது. நாலு மாட்டில் 50 கிலோ தேறுவது தொழுவத்திலேயே கட்டித் தீனி போட்டால்தான். மேய்ச்சலுக்கு ஓட்டினால் பாதிச் சாணம் காட்டோடு போச்சு.

இதிலிருந்து கிடைக்கிற 2 கன மீட்டர் வாயு ஒரு கிலோ சிலிண்டர் வாயுவுக்குக்கூட முழுசாக ஈடாகாது. ஒரு பர்னர் நாலு மணி நேரம் எரியும், அதுவும் ஒரே மூச்சில் அல்ல. ஒரு நாள் வாயுவில் மூன்றில் ஒரு பங்குதான் குவிமாடத்தில் தங்கும், ஆகக் காலையில் ஒன்றரை மணி நேரம். முப்பது பேருக்குப் பொங்கல் போடுகிற விடுதி சிலிண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் மரியாதை. வாசல் பலகையில் "முழுக்க முழுக்க சாண எரிவாயு" என்று எழுதியவர் சமையல் செய்கிறவராக இருக்க மாட்டார்.

சரி, ஞாயிறன்று ஏன் அணைகிறது? சனிக்கிழமைதோறும் ராத்திரி விருந்தில் மிஞ்சிய சோறு, பூரி மாவு, ரசம் எல்லாம் அண்டா அண்டாவாகக் கலவைத் தொட்டிக்குள் போயிருக்கும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சாணத்தைவிடச் சோறு கூடுதல் வாயு தரும் என்பது நிஜம். மாடு ஏற்கெனவே சத்தை உறிஞ்சிவிட்டுப் போட்டதுதானே சாணம். ஆனால் சோற்றைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிர் வேகமானது, அந்தப் புளிப்பைத் தின்று எரிகிற வாயுவான மீத்தேனைத் தருகிற நுண்ணுயிரோ சோம்பேறி. புளிப்பு ஏற ஏற இறங்குகிற அளவான பிஎச் 6.5க்குக் கீழே போனால் சோம்பேறி வேலைநிறுத்தம் செய்துவிடும். அப்போது வருவது பெரும்பாலும் கரியமில வாயு. குழாயில் உஸ்ஸென்று சத்தம் கேட்கும், தீ மட்டும் பிடிக்காது.

சுடர் குதித்துக் குதித்து எரிந்தால் சங்கதி வேறு. வாயுவோடு வருகிற நீராவி ராத்திரிக் குளிரில் தண்ணீராகிக் குழாயின் தொய்வில் நின்றிருக்கும். தாழ்ந்த இடத்தில் வைத்திருக்கும் வடிகுழாயைத் திறந்தால் அரை டம்ளர் தண்ணீர் கொட்டும், தீர்ந்தது. சத்தமே இல்லையென்றால் கசிவாக இருக்கலாம். சோப்பு நுரை தடவித்தான் பார்க்க வேண்டும். தீக்குச்சியோடு குழாயை மோப்பம் பிடிக்கிற வீரர்களைத் தோப்புக்கு வெளியே நிறுத்துங்கள்.

புளிப்பா இல்லையா என்பதைக் கலனிலிருந்து கழிவு வந்து சேரும் வெளித்தொட்டியில் மோந்தாலே தெரியும். நல்ல கழிவில் நாற்றமும் இருக்காது, ஈயும் மொய்க்காது. மூன்று நாள் வெளியே வைத்த இட்லி மாவு வாசம் அடித்தால் அஜீரணம் உறுதி. வைத்தியம் பட்டினிதான். சமையலறைக் கழிவை அடியோடு நிறுத்தி, சாணக் கரைசலை மட்டும் பாதி அளவில் விட வேண்டும். பிஎச் தாளில் பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்புத் தெளிவு கொஞ்சம் சேர்க்கலாம், வாளியோடு கவிழ்க்கக் கூடாது. சுடர் திரும்ப ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் இரண்டு ஞாயிறு வரும், இரண்டு வீடியோ வரும்.

அதற்குப் பிறகும் சோற்றைச் சாணத்தில் பத்தில் ஒரு பங்குக்குள், கூழாக்கிப் போடுவதே நல்லது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் நுண்ணுயிருக்கு ஆகாது. முட்டை ஓடும் எலும்பும் அடியில் தங்கிக் கலனைத் தூர்க்கும். ஃபினாயில் ஊற்றித் தொழுவம் கழுவிய தண்ணீர் ஒரு வாளி உள்ளே போனால் கதை முடிந்தது. "பசுமை விடுதிதானே, எல்லாமே மக்கும்ல?" என்று டீ பையைக் கலவைத் தொட்டிக்குள் வீசுகிற விருந்தாளிக்கு, அதன் நூலையும் ஸ்டேப்ளர் ஊசியையும் யார் பொறுக்குவது என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வயிற்றெரிச்சல் வார நாட்களில். விருந்தாளி இல்லை, அடுப்பு எரியவில்லை, ஆனால் மாடு சாணம் போடுவதை நிறுத்துமா? நிரம்பிய வாயு வெளித்தொட்டி வழியாகக் குமிழ் குமிழாகக் காற்றில் போகும். மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதனால் தேவையே இல்லாவிட்டாலும் எரித்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த அடுப்பில் கொள்ளு வேகும், நாலு மாட்டுக்கும். நீலச்சுடர் ஆடாமல் அசையாமல் நின்று எரியும், படம் பிடிக்கத்தான் ஆளிருக்காது.