உஸ்தெத் போட்டு எழுதிய கடிதம்

மாட்ரிட் வந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் ஸ்பானிஷில் முறைப்படி ஒரு கடிதம் எழுத வேண்டி வந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் வாடகை ஒப்பந்தத்தின் நகல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கடையிலும் பஸ்ஸிலும் சமாளித்துவிடுகிறோமே என்ற தைரியத்தில் நாலு வரி எழுதி, மாலை வகுப்பு ஆசிரியையிடம் காட்டினேன். தாள் முழுக்கச் சிவப்பு மை.

முதல் தப்பு உஸ்தெத். அது நம் 'நீங்கள்' மாதிரி என்று தெரியும், ஆனால் வினையை 'தூ'வுக்கு, அதாவது 'நீ'க்கு உரிய விகுதியில் முடித்திருந்தேன். உஸ்தெத் வந்தால் வினை படர்க்கையில், 'அவர்' என்பதற்கு வருகிற மாதிரி வர வேண்டும். 'புயெஸ்த்ரா மெர்செத்', தங்கள் கருணை, என்று கூப்பிட்டது தேய்ந்துதான் உஸ்தெத் ஆனது என்று அவர் சொன்னதும் சட்டென்று பிடிபட்டது. ஊரில் பெரியவரைப் பார்த்து நேருக்கு நேராகவே "ஐயா சாப்பிட்டாரா?" என்று கேட்பதில்லையா, அதேதான்.

அடுத்தது 'கியேரோ', எனக்கு வேண்டும். கடிதத்தில் அது அதட்டல் மாதிரி கேட்குமாம். வீட்டுக்குப் போய் ஆங்கில 'அப்ரிஷியேட்'டை மனதில் வைத்து 'அப்ரெசியாரியா' என்று மாற்றினேன், அதற்கும் சிவப்பு மை. நன்றி என்றால் அக்ரதெசெர்தான். கடைசியில் வாக்கியம் இப்படி நின்றது: 'லெ அக்ரதெசெரியா கே மே எம்பியாரா ஊனா கோபியா தெல் கொந்த்ராதோ.' ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை அனுப்பினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இதில் 'அனுப்பினால்' என்ற இடத்தில் வரும் 'எம்பியாரா' இறந்தகால சுப்ஹுந்திபோ, அதாவது நடந்ததைச் சொல்லாமல் விருப்பம், வேண்டுகோள் மாதிரி விஷயங்களுக்கு வரும் வினை வடிவம். இனிமேல் அனுப்பப்போகிற காகிதத்துக்கு எதற்கய்யா இறந்தகாலம் என்று இரண்டு நாள் மண்டை காய்ந்தது. அப்புறம் பார்த்தால், நம் 'அனுப்பினால்' என்பதற்குள்ளேயே 'அனுப்பின' உட்கார்ந்திருக்கிறது. வந்தால், செய்தால், கொடுத்தால், எல்லாம் அதே கதைதான்! இத்தனை வருஷம் பேசியும் கவனித்ததே இல்லை.

'எஸ்திமாதா சென்யோரா', மதிப்புக்குரிய அம்மா, என்ற விளிக்குப் பிறகு காற்புள்ளி போட்டதும் தப்பு, அங்கே முக்காற்புள்ளிதான் போட வேண்டும். கீழே நம் 'இப்படிக்கு' மாதிரி 'அதெந்தமெந்தெ' என்று முடித்து, ஒருவழியாக மின்னஞ்சலில் அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "ஓலா! தே லா மாந்தோ மன்யானா." நாளைக்கு உனக்கு அனுப்புறேன். உஸ்தெத்தாவது ஒன்றாவது, நேராகத் 'தூ'தான்.