மாடல் வேகனுக்கு எட்ச் தகடு: மடிப்புக் கோட்டில்தான் விஷயமே

அசலின் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற ஸ்கேலில், பிரிட்டிஷ் ரயில்வேயின் 16 டன் நிலக்கரி வேகனை எடுத்துக்கொள்வோம். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே அசலில் 9 அடி, மாடலில் 36 மி.மீ. தூரம். அடிச்சட்டம் விறைப்பாக இருந்தால், தண்டவாளம் லேசாகக் கோணினாலே ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஓர் அச்சை நிலையாக வைத்து மற்றதை ஊசலாட விட்டால் இந்தத் தொல்லை தீரும். அதற்கு, அச்சின் முனைகளைத் தாங்கும் டபிள்யூ-அயர்ன் என்ற பாகத்தை நாமே வரைந்து, எட்ச் செய்ய, அதாவது தகட்டை ரசாயனத்தால் அரித்து வெட்ட, பட்டறையில் கொடுக்கலாம்.

தகடு 0.38 மி.மீ. நிக்கல் சில்வர் (வெள்ளி அல்ல, செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை). பித்தளையைவிட விறைப்பு. சூட்டைக் குறைவாகக் கடத்துவதால், ஒரு மூலையில் சால்டர் வைக்கும்போது பக்கத்து மூலை இளகி விழுவதும் குறைவு.

தகட்டின் இரு முகத்திலும் ஒளியுணர் பூச்சு பூசி, முகத்துக்கு ஒரு பிலிம் வைத்துப் பதித்து, ஃபெரிக் குளோரைடைப் பீய்ச்சுகிறார்கள். இரண்டு பிலிமிலும் திறந்திருக்கும் இடம் முழுக்க அறுபடும். ஒன்றில் மட்டும் திறந்திருந்தால் ஏறக்குறையப் பாதி ஆழம் அரிக்கும். வரைபடத்தில் எந்த நிறம் எந்த முகத்தைக் குறிக்கும் என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும், கேட்டுவிட்டு வரையுங்கள். எல்லாம் நிரப்பிய வடிவங்களாக இருக்கட்டும். அகலமில்லாத கோடு பிலிமில் விழாது.

கரைசல் பக்கவாட்டிலும் அரிக்கும். அதனால் துளை பெருக்கும், பாகம் சிறுக்கும். தகட்டின் கனத்தைவிடச் சின்னத் துளையையோ மெல்லிய பட்டையையோ நம்ப முடியாது. 2 மி.மீ. பேரிங் துளையை 1.85 என்று வரைந்து, பிறகு ப்ரோச்சால் (துளையைச் சீவிப் பெரிதாக்கும் கூம்புக் கருவி) விரித்துக்கொள்வதே உத்தமம். சில பட்டறைகள் இந்த ஈட்டைத் தாங்களே சேர்த்துவிடும். நாமும் சேர்த்திருந்தால் செருகு பள்ளங்கள் இறுகி, நாக்கு உள்ளே போகாது.

இனி மடிப்பு. மடிக்கும் கோட்டில் பாதி அரித்த பள்ளம் எப்போதும் மடிப்பின் உள்பக்கம். தகட்டின் கனம் 0.38 என்றால், அரித்து முடிந்தபின் பள்ளத்தின் அகலமும் 0.38 இருக்க வேண்டும், ஆழம் அதில் பாதி. அப்போதுதான் 90 டிகிரியில் இரு விளிம்புகளும் சரியாக முட்டி நிற்கும். பள்ளம் குறுகலானால் 80 டிகிரியிலேயே முட்டிக்கொள்ளும்; அதற்கு மேல் அழுத்தினால் கோடு கிழியும். அகலமானால் மூலை உருண்டு, சுவர் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அரிப்பில் விரிவதால், வரையும்போது 0.25 முதல் 0.3 வரை போதும். கனமும் அகலமும் பொருந்தினால் ஒரு சௌகரியம்: இரண்டு பள்ளங்களுக்கு நடுவே உள்ள தட்டையான அகலமே மடித்தபின் உள் அகலம். அந்த அகலத்தைப் புத்தகத்தில் தேட வேண்டாம். 26 மி.மீ. கூர்முனை அச்சின் இரு முனையிலும் பேரிங்கை மாட்டி, விளிம்புக்கு விளிம்பு வெர்னியரில் அளந்து, 0.2 மி.மீ. ஆட்டம் சேருங்கள்.

மடிப்பது ஒரே தடவைதான். நிமிர்த்தித் திரும்ப மடித்தால் முறிந்துவிடும். மடித்ததும் உள்மூலை நெடுக 188 டிகிரியில் உருகும் சால்டரை ஓடவிட்டால் பெட்டி மாதிரி இறுகிவிடும். அச்சு ஊசலாடுவதற்கான கம்பி நுழையும் துளைகளை 0.7 என்று வரைந்து, அவை உள்ள இரண்டு காதுகளையும் மடித்தபின் ஒரே துரப்பணத்தில் 0.8க்குத் திறந்தால் நேர்கோட்டில் அமையும்.

பாகத்தைச் சுற்றியுள்ள தகட்டுச் சட்டத்தோடு பிடிக்கும் இணைப்புகள் 0.4 மி.மீ. அகலம், அதுவும் பாதி அரிப்பில். நேர் விளிம்பில் வையுங்கள், வளைவில் வைத்தால் அரம் போட்டே அலுத்துவிடும். விளிம்பின் நடுவில் மெல்லிய முகடு ஒன்று நிற்கும். இரண்டு பக்கமிருந்தும் அரித்ததன் அடையாளம் அது. இன்னொரு தகட்டோடு சேரும் விளிம்பில் மட்டும் அதைத் தேய்த்தால் போதும்.

ரிவெட் வேண்டுமானால் பின்முகத்தில் 0.3 மி.மீ. புள்ளிகளைப் பாதி அரிப்பாக வைத்து, கூர் ஊசியால் அழுத்துங்கள். மடிப்பதற்கு முன்பே. ஒரு முகத்தில் மட்டும் பெரிய பரப்பைப் பாதி அரித்தால் தகடு சுருளும், நடுவே முழுக்கனப் பட்டைகள் விடுங்கள்.

கோப்பை அனுப்புமுன் நான்கு மடங்கு பெரிதாக அட்டையில் அச்சிட்டு மடித்துப் பாருங்கள். முகம் மாறிய பள்ளம் அப்போதே மாட்டிக்கொள்ளும். எட்ச் செய்யும் தகட்டில் இடம் மிச்சமிருந்தால் 0.25, 0.28, 0.30 பள்ளங்களோடு மூன்று பிரதிகளை வைத்து, எண்ணையும் பக்கத்திலேயே எட்ச் செய்துவிடுங்கள்.