மழைக்கு முன் பதினெட்டுக் குழி: கேஎல்லிலும் பினாங்கிலும் கோல்ஃப்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடலாம். கோலாலம்பூருக்கு (சுருக்கமாக கேஎல்) கோல்ஃப் ஆட வருகிறவர்களை முதலில் மொட்டையடிப்பது மைதானம் இல்லை, அந்தப் பை. டிரைவர் என்கிற நீள மட்டை ஒன்றே சுமார் 45 அங்குலம். செயலியில் மலிவான வண்டியைத் தட்டினால் வந்து நிற்பது சின்னக் கார். கார் பூட்டில் (டிக்கியில்) பை குறுக்காகப் படுக்காது. பழைய டாக்சி என்றால் பூட்டில் பாதியை கேஸ் சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் தொடங்கும் பேரம்: "பை பெருசு பாஸ், இருபது வெள்ளி (ரிங்கிட்) கூட." இரண்டு பேர், இரண்டு பை என்றால் முதலிலேயே ஆறு பேர் உட்காரும் வண்டியைப் போடுங்கள். சின்னக் கார் வந்தே விட்டால் பின்சீட்டில் ஒரு பாதியை மடித்து, நீளமான மட்டைகளை மட்டும் உருவித் தனியாகச் சாய்த்து வையுங்கள். பை உள்ளே போய்விடும், பேரமும் போய்விடும்.

திரும்பும் வண்டி இன்னொரு தலைவலி. மழை கொட்டும் ஏழு மணிக்கு கிளப் வாசலில் நின்று வண்டி தேடினால், விலை ஏறிக்கொண்டே போகும், வண்டி வராது. குளித்து, உடை மாற்ற அரை மணி நேரம் ஆகும். அதைக் கணக்கில் வைத்துக் கடைசிக் குழியிலேயே ஏற்பாட்டை முடித்துவிட வேண்டும்.

இனி மைதானங்கள். பேருக்காகப் பணம் கட்டுவதானால் ஒரே ஒரு இடத்துக்குக் கட்டுங்கள்: மைன்ஸ். சுங்கை பெசி பக்கம், உலகின் மிகப் பெரிய திறந்தவெளி வெள்ளீயச் சுரங்கமாக இருந்த குழியைச் சுற்றி அமெரிக்க வடிவமைப்பாளர் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் வரைந்த ஆட்டக்களம். தோண்டிய பள்ளம்தான் இன்றைய ஏரி. 1999 கோல்ஃப் உலகக் கோப்பையை டைகர் வுட்ஸும் மார்க் ஓ'மீராவும் வென்றது இங்கேதான். ஈயம் தோண்டிய ஊரில் ஈயக் குழியைச் சுற்றி ஆடுவது தனி அனுபவம்.

புக்கிட் கியாராவில் உள்ள கேஎல்ஜிசிசியின் (கோலாலம்பூர் கோல்ஃப் அண்ட் கன்ட்ரி கிளப்) மேற்குக் களத்தில், அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் போட்டி 2013 முதல் 2018 வரை நடந்தது. ரயன் மூர் இரண்டு முறை, ஜஸ்டின் தாமஸ் இரண்டு முறை ஜெயித்த இடம். பராமரிப்பு அபாரம், விலையும் அப்படியே. சுபாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சௌஜானா. அதன் பாம் களத்துக்கு 'கோப்ரா' என்று பட்டப்பெயர், சீறவும் செய்யும். தைரியத்தைக் காட்ட வேண்டிய களம் இல்லை அது. பந்து நேராகப் போகாதவர்கள் முன் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் மேடைகளில் குழிக்குக் கிட்டே இருப்பது) ஆடுவது உத்தமம், ஒரு டஜன் பந்தாவது மிஞ்சும். 1893-இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் நகரின் நடுவே இருக்கிறது. ஆனால் அது உறுப்பினர்களின் கோட்டை. உங்கள் ஊர் கிளப்போடு பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறதா என்று புறப்படுமுன் விசாரியுங்கள். பட்ஜெட்டும் காட்சியும் சேர வேண்டுமானால் ரவாங் சாலையில் டெம்பிளர் பார்க்: ஜப்பானிய ஆட்டக்காரர் ஜம்போ ஓசாக்கி வடிவமைத்தது, புக்கிட் தாகுன் சுண்ணாம்புப் பாறை ஆட்டம் முழுக்கத் தலைக்கு மேலே நிற்கும்.

விலைப்பட்டியலில் பெரிதாகப் போட்டிருப்பது கிரீன் ஃபீ, அதாவது ஆட்டக் கட்டணம் மட்டும்தான். கவுண்டரில் பகி (களத்துக்குள் ஓட்டும் சின்ன வண்டி) வாடகை, காப்புறுதி, 8 விழுக்காடு சேவை வரி, சில இடங்களில் கட்டாயக் கேடி என்று வரிசையாகச் சேரும். (நம் ஊர்ப் போலீஸ் பாஷையில் கேடி என்றால் வேறு; இங்கே மட்டையைத் துடைத்துக் கொடுப்பவர். டிப்ஸ் ரொக்கமாக, அவர் கையில்.) "எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு எவ்வளவு?" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் பகியின் முழு வாடகையும் உங்கள் தலையில் விழலாம்; அதையும் கேளுங்கள். சனி ஞாயிறு காலை பல இடங்களில் உறுப்பினர்களுக்கே. செவ்வாய் முதல் வியாழன் வரை ஆடுவதே பர்சுக்கு நல்லது.

மதிய டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் மலிவு? மழை. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் மூன்று மணிக்கு மேல் இடி மின்னல் அநேகமாகத் தினசரி விருந்தாளி. சைரன் நீளமாக ஊதினால் பந்தைக் குறித்துவிட்டு ஒதுங்க வேண்டியதுதான், "இந்த ஒரு பட்" (குழிக்குள் தள்ளும் அடி) என்று நிற்கக் கூடாது. மரத்தடி வேண்டாம், இடிதாங்கி வைத்த ஒதுங்கிடம் பார்த்துப் போங்கள். ஆட்டம் எத்தனை குழிக்குள் நின்றால் ரெயின் செக் (மழையால் நின்ற ஆட்டத்துக்கு ஈடு) தருவார்கள் என்பது கிளப்புக்குக் கிளப் மாறும். பணம் கட்டுமுன் கேட்கிற கேள்வி அது. சூரியன் ஏழேகாலை ஒட்டி இறங்கிவிடும், பதினெட்டுக் குழிக்கு நாலரை மணி நேரம் வேண்டும். இரண்டரைக்கு மேல் டீ டைம் வாங்கினால் கடைசிக் குழிகளை இருட்டுக்குத்தான் தானம் செய்வீர்கள். என் ஓட்டு காலை ஏழரைக்கு, விலை கூடினாலும்.

புல்லைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே. மலேசிய ஃபேர்வேக்களில் (டீக்கும் குழிக்கும் இடையே உள்ள புல்வெளி) அதிகம் பார்ப்பது கவ் கிராஸ், அகல இலைப் புல். பந்து அதன் மேல் உட்காராது, உள்ளே புதையும். மழைக்குப் பிறகு உருளவே உருளாது. அதனால் தூரத்தைக் காற்றிலேயே எடுக்க வேண்டும். பந்தை வழக்கத்தைவிடச் சற்றே பின்காலுக்கு நகர்த்தி, மட்டை முதலில் பந்தைத் தொடும்படி அடியுங்கள். புல்லை முதலில் தொட்டால் பாதித் தூரம் காலி.

கிரீன்களில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பெர்முடா வகைப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். நின்ற இடத்திலிருந்து பார்க்கப் புல் பளபளத்தால் அது குழியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கருத்துத் தெரிந்தால் எதிர்ப்பக்கம், ஓங்கித் தள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் குழியின் விளிம்புக்குக் குனியுங்கள்: ஒரு பக்கம் கத்தியால் அறுத்தது போல இருக்கும், மறுபக்கம் பிய்ந்து பழுப்பேறி இருக்கும். பிய்ந்த பக்கம் பார்த்துத்தான் புல் சாய்கிறது. காலையில் வேகமாக இருந்த கிரீன் மாலையில் மந்தமாவதும் புல் வளர்வதால்தான்.

மூன்று கையுறை, இரண்டு துண்டு. வியர்வையில் ஒன்பதாவது குழிக்குள் முதல் கையுறை ஊறிவிடும். ஜீன்ஸும் காலரில்லாத சட்டையும் வேண்டாம். பாதி வழிக் கடையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம், ஒரு 100 பிளஸ் பானம், உப்புக்கும் தாகத்துக்கும் அது போதும். வயிறாரச் சாப்பிட கேஎல்லின் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடைக்கு வந்துவிடுங்கள். கிளப் விலைக்கு இங்கே இரண்டு பேர் சாப்பிடலாம், ரசமும் இரண்டாவது தடவை வரும்.

பினாங்குக்கு விமானத்தில் போனால் பையின் எடையை முன்கூட்டியே வாங்குங்கள், கவுண்டரில் வாங்கினால் தீட்டிவிடுவார்கள். தீவில் புக்கிட் ஜம்புல் மேட்டில் பினாங்கு கோல்ஃப் கிளப், இதுவும் ஜோன்ஸ் ஜூனியர் கைவண்ணம், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் பக்கம். மேடும் பள்ளமுமாகக் களம். பந்து உங்கள் காலுக்கு மேலேயோ கீழேயோதான் கிடக்கும். மேலே கிடந்தால் இடப்பக்கம் இழுக்கும், கீழே கிடந்தால் வலப்பக்கம் ஓடும் (இடக்கைக்காரர்களுக்கு இது தலைகீழ்), அதற்கேற்பக் குறி பாருங்கள். சமதரை, 36 குழி, இலகுவான விலை வேண்டுமென்றால் பெருநிலத்தில் புக்கிட் ஜாவி. 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் வழியாக, வாடகைக் காரில். அதன் ஹில் களத்தை நம்பி 'சமதரை' என்று எண்ணிவிடாதீர்கள், நான் சொல்வது லேக் களம்.

ஈர ஷூவை அப்படியே பையில் போட்டு மூடினால் வீடு சேர்வதற்குள் மணக்க ஆரம்பித்துவிடும். பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து, ஹோட்டல் ஏர்கோனுக்குக் கீழே ஒரு ராத்திரி வையுங்கள்.