புகை எந்தப் பக்கம் போகிறது

வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் வேலை பழகிய நாட்களில் கேஸ் கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டித் தருவோம். வாங்கியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. தண்ணீர் பைப், ரப்பர் டியூப், இரண்டு பேட்டரி. குழாயைத் திறந்ததும் 'டப்'பென்று தீ பிடித்தால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவேன்.

அப்படி நான் மாட்டிய ஒரு வீட்டில், மார்கழிக் காலையில், கல்லூரிக்குக் கிளம்பிய பெண் குளியலறையில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் நிற்காமல் ஓடும் சத்தம் கேட்டு அவள் அம்மா ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்திருக்கிறார். பிழைத்துக்கொண்டாள். நான் போய் நின்றபோது அந்த அம்மா திட்டவில்லை. "கேஸ் வாடையே வரலையே தம்பி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கொசுவுக்காக வெண்டிலேட்டரில் அட்டை சொருகியிருந்தது. நான் மாட்டிய அன்றும் இருந்தது. பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

வாடை வராதுதான். சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். தீயில் அதுவும் எரிந்துவிடும். காற்று போதாமல் அரைகுறையாக எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பிற்பாடுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலுக்கு ஐந்தடி அறை, எட்டடி உயரம் என்றால் நாலரை கன மீட்டர் காற்று. நிமிடத்துக்கு 6 லிட்டர் சுடுதண்ணீர் தரும் கீசர் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 150 கிராம் கேஸை எரிக்கும். அதற்கு இரண்டு கன மீட்டர் காற்று வேண்டும், கிட்டத்தட்ட அறையில் பாதி. அந்தப் பெண் அன்று தலைக்குக் குளித்திருந்தாள்.

அதன் பிறகு குளியலறைக்குள் நான் மாட்டியதே இல்லை. கீசர் வெளியே, சுடுதண்ணீர் பைப் மட்டும் உள்ளே. இதற்காக வேலை கைவிட்டுப் போன வீடுகள் உண்டு, போகட்டும். டியூப் ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், சுவரைத் தாண்டக் கூடாது. தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் செம்புக் குழாய். அப்புறம் மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை. தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் கிளிப்பை இறுக்கிய பிறகும் கடுகளவில் ஒரே ஒரு குமிழி கிளம்பியது. மிளகளவு ஆனது, உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று. கழற்றிப் பார்த்தால் டியூப் நுனியில் மயிரிழை வெடிப்பு.

ஆனால் புகைக்குழாயைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காசிமேட்டில் ஒரு மீனவப் பெரியவர். மகள் பிரசவத்துக்கு வந்திருந்ததால் சுடுதண்ணீர் வேண்டும் என்று பங்குனியில் கூப்பிட்டார். சின்ன வீடு, பால்கனி கிடையாது. சமையலறையில் மாட்டி, குழாயை இரண்டடி நேராக மேலே ஏற்றி, பிறகு வளைத்துக் கிழக்குச் சுவர் வழியாக வெளியே விட்டேன். தகரக் குழாய்தான். இதற்குப் பிளாஸ்டிக் பைப் போடுகிறவர்களைப் பார்த்தால் இன்றும் வயிறு கலங்கும், சூட்டில் இளகி மூட்டு விட்டுப்போகும்.

கீசரை எரியவிட்டு, மேலே புகை ஏறும் திறப்போரம் ஊதுபத்தியைக் காட்டினேன். புகை நூல் பிடித்தாற்போல் உள்ளே போனது. சரி என்று பையைக் கட்டினேன்.

பெரியவர் வெளியே போய்க் குழாய் முனையைப் பார்த்துவிட்டு வந்தார். "இப்ப அடிக்கிறது கரைக்காத்து தம்பி. மதியத்துக்கு மேல கடல்காத்து திரும்பும். இருந்து பார்த்துட்டுப் போ."

சாப்பாடு போட்டார்கள், இருந்தேன். இரண்டு மணிக்கு மேல் வாசல் கொடியில் துணி வீட்டுப் பக்கம் பறந்தது. மறுபடி ஊதுபத்தி. புகை திறப்பு வரை போய், தயங்கி, என் முகத்துக்கே திரும்பியது. உடனே கீசரை நிறுத்தினேன். உள் அறையில் அந்த மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கிழக்குச் சுவர் ஓட்டையை அடைத்து, குழாயை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் மேலே ஏற்றித் தொப்பி போட்டேன். பன்னிரண்டு மணிக்கே வேலை முடிந்துவிட்டது. காற்று திரும்பட்டும் என்று நானும் பெரியவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு ஊதுபத்தியை அவரே வாங்கிப் பிடித்தார்.