லேசர் காத்திருக்காது, புரதம் தீர்ந்துவிடும்

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தொடங்கி, பக்கத்து மாநிலத்து ஊரான ஷெனஃபெல்ட் வரை 3.4 கி.மீ. தூரம் மண்ணுக்கடியில் நீள்கிறது ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசர் நிலையம். 2017 முதல் வெளி ஆய்வாளர்களுக்கும் அங்கே இடம் தருகிறார்கள். முடிவுகளை வெளியிடும் ஆய்வுகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் நிபுணர் குழுவைக் கடக்க வேண்டும். 'எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் சாதாரண சிங்க்ரோட்ரானிலேயே இதைப் பார்க்கலாமே?' என்பதுதான் அவர்கள் துருவும் கேள்வி. எங்களுடையது ஒளி பட்டதும் உருமாறும் புரதம். அதன் படிகங்களோ மிக நுண்ணியவை. சில பத்து ஃபெம்டோநொடியே (நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்று) நீடிக்கும் லேசர் துடிப்பு, படிகம் சிதறுவதற்குள் படத்தை எடுத்துவிடும். விண்ணப்பத்தில் இதைத்தான் திரும்பத் திரும்பத் தீட்டினோம்.

நேரம் ஒதுக்கியாயிற்று என்று மின்னஞ்சல் வந்த பிறகுதான் உண்மையான கவலை பிடித்தது. நுண்படிகங்கள் மிதக்கும் திரவத்தை மெல்லிய தாரையாகப் பீய்ச்ச, லேசர் குறுக்கே பாயும். நொடிக்கு 27,000 துடிப்புகள் வரை தரும் என்பது இந்த நிலையத்தின் பெருமை. அவை சீராக வருவதில்லை. நொடிக்குப் பத்துத் தொடர்கள். ஒவ்வொன்றும் சுமார் 0.6 மில்லிநொடி. அடுத்த தொடர் வரும்வரை 99 மில்லிநொடிக்கு மேல் இருட்டு. தாரை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் வளர்த்த புரதத்தில் நூற்றில் ஒரு பங்குகூட எக்ஸ்-கதிரைக் காண்பதில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரிதான் எங்கள் மில்லிகிராம்கள். புதிதாக விண்ணப்பிப்பவர்கள் ஒளிக்கற்றையைப் பற்றிப் படிக்கும் நேரத்தில் பாதியையாவது மாதிரி தயாரிப்புக்குக் கொடுக்கலாம்.

பாதுகாப்புப் பயிற்சியை முடித்ததும் 12 மணி நேர ஷிப்டுகள். இரவு ஷிப்டில் தாரை முனை அடைத்துக்கொண்டது. வடிகட்டிய திரவம்தான், ஆனாலும் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சரிசெய்ய லேசர் பாயும் அறைக்குள் போய்வந்தால் மறுபடி தேடல்: உள்ளே யாரும் இல்லை என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்து, பொத்தான்களை வரிசையாக அழுத்தி, எச்சரிக்கை ஒலிக்கக் கதவை மூட வேண்டும். அவசரத்தில் இருப்பவனுக்கு அந்த ஒலி ஒரு யுகம். நிலையத்து ஊழியர்கள் பதறாமல் நின்றது எங்களையும் நிதானப்படுத்தியது.

கிடைத்த படங்களில் பெரும்பாலானவற்றில் படிகம் இல்லாமல், திரவத்தின் நீர் சிதறடித்த கதிரின் வளையம்தான். படிகம் சிக்கியவற்றைப் பொறுக்கி, ஒளியூட்டியவற்றையும் ஒளியூட்டாதவற்றையும் தனித்தனியே தொகுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால் நிலையம் அடுத்து விண்ணப்பங்களைக் கோரும்போது மீண்டும் விண்ணப்பிப்போம், இந்த முறை கூடுதல் புரதத்துடன்.