அறுபது நாற்காலி: ஹூஸ்டன் நாட்குறிப்பு, 2020

ஏப்ரல் 28, செவ்வாய்

நேற்று டெக்சஸ் மாநில ஆளுநர் கிரெக் அபட் அறிவித்துவிட்டார். வீட்டிலேயே இருக்கச் சொன்ன உத்தரவு 30ஆம் தேதியோடு முடிகிறது. மே 1 முதல் உணவகங்கள் 25 சதவீதம் பேரை உட்கார வைக்கலாம். எங்கள் கடையில் 60 நாற்காலி. அப்படியென்றால் 15 பேர்.

பங்குதாரர் அண்ணன் உடனே திறந்துவிடலாம் என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாடகை இரண்டு மாதமாகப் பாக்கி. பார்சலை மட்டும் வைத்துக்கொண்டு சமையலறையில் ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. வேலை போனவர்களுக்கு மத்திய அரசு வாரம் 600 டாலர் கூடுதலாகத் தருகிறது, சரி. ஆனால் பாத்திரம் கழுவும் தம்பிக்கு இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் இல்லை. அவனுக்கு அது ஒரு டாலர்கூட வராது.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. மனைவி நர்ஸ். கொரோனா நோயாளிகளுக்கு இடம் வேண்டும் என்று மார்ச்சில் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை மாநிலம் நிறுத்தி வைத்தது. அவளுடைய வார்டு பாதி காலி. ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள். கொள்ளைநோய் காலத்தில் நர்ஸுக்கு வேலை இல்லாமல் போகும் என்று நான் நினைத்ததே இல்லை.

மே 21, வியாழன்

நாளை முதல் 50 சதவீதம். பார்களும் 25 சதவீதத்தோடு திறக்கின்றன. நாங்களும் உட்கார்ந்து சாப்பிட 30 நாற்காலி போடுகிறோம். ஒத்துக்கொண்டது நான்தான். அண்ணன் கேட்டார், நான் சரி என்றேன்.

மே 25, திங்கள்

மெமோரியல் டே, அதாவது போரில் இறந்த வீரர்களின் நினைவு நாள் விடுமுறை. மூன்று நாளும் வாசலில் காத்திருந்தார்கள். இரண்டு மாதமாகத் தோசை சூடாகத் தட்டில் விழுவதைப் பார்க்காதவர்கள். ஒரு பெரியவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காபியை ஆற்றாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

மாஸ்க் போட்டு வந்தவர்கள் பாதிகூட இருக்காது. நாங்கள் கேட்கத்தான் முடியும். எங்கள் ஹாரிஸ் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஏப்ரலில் போட்ட மாஸ்க் உத்தரவில் இருந்த அபராதத்தை ஆளுநரின் உத்தரவு எடுத்துவிட்டது.

ஜூன் 9, செவ்வாய்

டெக்சஸ் முழுக்க மருத்துவமனையில் இருக்கும் கொரோனா நோயாளிகள் நேற்று 1,935 பேர். இதுவரை இருந்த உச்சம் மே 5ஆம் தேதியின் 1,888. அதைத் தாண்டிவிட்டது.

அண்ணன் சொன்னார்: "டெஸ்ட் அதிகமா எடுக்கறாங்க தம்பி, அதனாலதான் எண்ணிக்கை ஏறுது." தொற்று எண்ணிக்கைக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் பொருந்தாது. டெஸ்ட் எடுத்ததால் யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை.

இரவு மனைவி ஒரு விஷயத்தை விளக்கினாள், காலண்டரைக் காட்டி. கிருமி உள்ளே போய் அறிகுறி தெரியவே ஐந்தாறு நாள், சிலருக்கு இரண்டு வாரம் வரை ஆகும். அதற்கப்புறம் ஒரு வாரம் போல வீட்டில் காய்ச்சலோடு கிடந்து, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். ஆக இன்றைக்குப் படுக்கையில் இருப்பவர்கள் அந்த விடுமுறை நாட்களின் கணக்கு. இன்று வெளியே நடப்பது ஜூன் கடைசியில்தான் அவள் வார்டுக்கு வந்து சேரும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜூன் 12 முதல் உணவகங்களுக்கு 75 சதவீதம் என்று மாநிலம் முடிவெடுத்தது ஜூன் 3ஆம் தேதி. மே 22க்கும் ஜூன் 3க்கும் நடுவே 12 நாள்தான். பாதி திறந்ததன் விளைவு மருத்துவமனைக்கு வந்து சேருமுன்பே முக்கால் திறப்புக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

ஜூன் 12, வெள்ளி

இன்று முதல் 45 பேரை உட்கார வைக்கலாம். நான் மாட்டேன் என்றேன். அண்ணனோடு பதினோரு வருடத்தில் முதல் சண்டை. அடுப்படியில் நின்றபடி, வேலை செய்பவர்கள் முன்னாலேயே.

"நாம மூடினா ஊர்ல கொரோனா போயிடுமா? பக்கத்துக் கடைல போய்ச் சாப்பிடுவாங்க, அவ்வளவுதான்" என்றார். பதில் இல்லை என்னிடம். உண்மையும் அதுதான். ஒரு கடை தனியாக எடுக்கும் முடிவால் ஊரில் பெரிதாக எதுவும் மாறாது. அதனால்தானே இதை அரசாங்கம் எல்லாருக்கும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும் என்கிறோம். கடைக்காரனின் மனசாட்சியிடம் விட்டுவிட்டால், வாடகைக்கு வழியில்லாதவன்தான் முதலில் கதவைத் திறப்பான்.

கடைசியில் 30 நாற்காலியே இருக்கட்டும் என்று நின்றது.

ஜூன் 17, புதன்

மாநிலம் முழுக்க மருத்துவமனையில் நேற்று 2,518 பேர். மருத்துவமனைகளில் இடம் தாராளமாக இருக்கிறது என்று ஆளுநர் சொன்னார். மனைவி கேட்டுவிட்டு டிவியை அணைத்தாள். "கட்டில் இருக்குங்க. பக்கத்துல நிக்க ஆள் வேணாமா?" என்றாள். மே மாதத்தில் அறுவை சிகிச்சைகள் திரும்பத் தொடங்கியதால் அவளுடைய வார்டு ஏற்கனவே நிறைந்திருந்தது. இப்போது பாதியைக் கொரோனாவுக்குப் பிரித்துவிட்டார்கள். குப்புறப் படுக்க வைக்க வேண்டிய ஒரு நோயாளியைத் திருப்ப ஐந்தாறு பேர் வேண்டும். அந்த ஐந்தாறு பேரும் கவச உடை மாட்ட வேண்டும்.

ஜூன் 20, சனி

ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். பாசிட்டிவாம். 14ஆம் தேதி குடும்பத்தோடு ஜன்னலோர மேசையில் சாப்பிட்டவர். மன்னிப்புக் கேட்டார், பாவம். அன்று அந்த மேசையைத் துடைத்தது தம்பிதான், பரிமாறுகிறவர் வரவில்லை என்பதால்.

மாலையே உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினோம். இந்த முறை அண்ணன்தான் முதலில் நாற்காலியைத் தூக்கி அடுக்கினார். தம்பியை டெஸ்டுக்கு நானே அழைத்துப் போனேன். காரிலேயே நாலு மணி நேர வரிசை. முடிவு வர ஒரு வாரம் ஆகலாமாம். அவனுக்குக் காப்பீடு கிடையாது. அமெரிக்காவிலேயே காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் அதிகமாக இருப்பது இந்த மாநிலத்தில்தான். காய்ச்சல் வந்தால் எங்கே போவாய் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான்.

ஜூன் 26, வெள்ளி

இரண்டு நாளாக எழுத உட்கார முடியவில்லை. ஊரின் பெரிய மருத்துவமனை வளாகமான டெக்சஸ் மெடிக்கல் சென்டரின் தீவிர சிகிச்சைப் பிரிவு (ஐசியு) புதன்கிழமை 97 சதவீதம் நிரம்பியிருந்தது, நேற்று 100. அது வழக்கமான 1,330 படுக்கைகளின் கணக்கு. அதற்கு மேல் கூடுதல் படுக்கைகள் போட ஏற்பாடு உண்டு என்று மருத்துவமனைத் தலைவர்கள் விளக்கினார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தக் கூடுதல் படுக்கைக்கான நர்ஸ் எங்கள் வீட்டு சோபாவில் காலணியைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறாள். குழந்தைகள் மருத்துவமனையிலேயே பெரியவர்களையும் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

நேற்று ஆளுநர் மேற்கொண்டு திறப்பதை நிறுத்தி வைத்தார். ஹாரிஸ் உட்பட நான்கு கவுன்ட்டிகளில் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளும் மறுபடி நின்றன. இன்று பார்களை மூடச் சொல்லிவிட்டார். உணவகங்கள் திங்கள் முதல் திரும்ப 50 சதவீதம். மதியத்துக்கு மேல் ஊரிலுள்ள எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறியது. கவுன்ட்டி நீதிபதி லினா ஹிடால்கோ அபாய நிலையைச் சிவப்புக்கு உயர்த்தி, வீட்டில் இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார். (பெயர்தான் நீதிபதி, இங்கே அவர் மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகத் தலைவர்.) கேட்டுக்கொள்ளத்தான் முடியும் அவரால். உத்தரவிடும் அதிகாரம் ஏப்ரலிலேயே மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு, ஆளுநரிடம் போய்விட்டது.

பார்களை அவ்வளவு சீக்கிரம் திறந்திருக்கக் கூடாது என்று ஆளுநர் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டாராம். அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் மே 21 அன்று நான் எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். நானும்தான் சரி என்றேன்.

ஜூலை 3, வெள்ளி

மாநிலம் முழுக்க மாஸ்க் கட்டாயம், இன்றிலிருந்து. 20 தொற்றோ அதற்குக் குறைவாகவோ உள்ள கவுன்ட்டிகளுக்கு விலக்கு உண்டு. ஏப்ரலில் இந்த ஊர் கேட்டது இதைத்தான்.

தம்பியின் முடிவு 13 நாள் கழித்து இன்று காலை வந்தது. நெகட்டிவ். அவன் வேலைக்கு வராத நாட்களுக்கும் சம்பளம் போட வேண்டும் என்று அண்ணன் சொன்னார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

மனைவிக்கு இன்று இரவு ஷிப்ட். டப்பாவில் தயிர்சாதம் போதும் என்றாள். அவளுடைய வார்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இருபது பொட்டலம் கட்டி காரில் வைத்துவிட்டு வந்தேன்.