வாவி நண்டு, கொழும்பு மேசை

24 யூலை 2025, வியாழன்

இன்று எங்கள் மட்டக்களப்பில் மாமாங்கக் கோயில் தீர்த்தம். அமிர்தகழிப் பக்கம் தலைகள்தான் தெரிந்தன, நிலம் தெரியவில்லை. கொடியேறியதிலிருந்து வீட்டில் மரக்கறிதான்.

பின்னேரம் தங்கச்சி கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். சம்பளம் கூடியிருக்கிறதாம். "சீனா, தாய்லாந்து, ஜப்பான், சிங்கப்பூர் எல்லாத்தையும் கலந்து சமைக்கிற ரெஸ்டோரன்ட் ஒன்று இங்க இருக்கு அக்கா. காசு நான் கட்டுவேன், நீங்க வந்தால் போதும்" என்றாள். கல்லடியில் எங்கள் விடுதிச் சமையலறையை நான்தான் பார்க்கிறேன். வருகிற விருந்தினர் பாதிப்பேர் நண்டு கேட்கிறார்கள். ஊருக்கு வெளியே அதை எப்படிச் சமைக்கிறார்கள் என்று நெடுநாளாகப் பார்க்க ஆசை. போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

2 ஆகஸ்ட், சனி, இரவு

தூக்கம் வரவில்லை, தங்கச்சியோடு கொழும்பில் போய்ச் சாப்பிட்டதை எழுதிவிடுகிறேன்.

உள்ளே நுழைந்ததும் காதில் விழுந்தது பாட்டு, அதற்கு மேலே தாச்சியின் சத்தம். சமையலறை திறந்தே இருக்கிறது, நடுவில் கண்ணாடிகூட இல்லை. தாச்சியைச் சரிக்கும்போது நெருப்பு ஓர் ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. மேசைகளில் பிறந்தநாள், அலுவலகக் கூட்டம், குழந்தைகளோடு குடும்பங்கள். தங்கச்சி சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

முதலில் தொம் யம் சூப். எலுமிச்சைப்புல், தேசிக்காய் இலை, அரத்தை, இறால். வீட்டில் தடிமனுக்குக் கசாயம் வைக்கிற அரத்தை இவ்வளவு பெரிய விலையுள்ள சூப்பில் மிதக்கும் என்று யார் நினைத்தது! அடுத்து இறால் தெம்புரா. மா மெல்லிய கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்தது, எண்ணெய் துளிகூட இல்லை. மாவை ஐஸ் தண்ணீரில், கட்டி இருந்தாலும் பரவாயில்லை என்று இலேசாகக் கலக்கிவிட்டுப் பொரிக்க வேண்டும், அடித்துக் குழைத்தால் தடித்துவிடும். இப்படி மாவில் தோய்த்துப் பொரிக்கிற முறையை 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கொண்டுபோனவர்கள் போர்த்துக்கேயர். 1628இல் எங்கள் புளியந்தீவில் கோட்டை கட்டியதும் அவர்கள்தான். மிளகாயை ஆசியாவுக்குக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். அந்த மிளகாய் இல்லாவிட்டால் அந்த மேசையில் பாதிச் சாப்பாடு இல்லை, எங்கள் வீட்டுச் சம்பலும் இல்லை.

பிறகு நண்டு வந்தது. சிங்கப்பூர் சில்லி நண்டு. 1950களில் சிங்கப்பூரில் தள்ளுவண்டியில் நண்டு விற்ற ஒரு பெண் தொடங்கிவைத்த சமையல் இது. தக்காளி, மிளகாய், இஞ்சி, உள்ளி, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, கடைசியில் முட்டையை ஊற்றிக் கிளறிக் குழம்பைத் தடிப்பாக்குவது. தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த சின்னப் பணிஸ். குழம்பு அருமை. காரம் நாக்கில் ஏறுவதற்குள் இனிப்பு வந்துவிடுகிறது. இறைச்சி ஓட்டிலிருந்து முழுசாகக் கழன்று வந்தது.

மனதில் தைத்தது வேறு. சிங்கப்பூர் உணவகங்களில் பெரிய நண்டை "ஸ்ரீலங்கா நண்டு" என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். உயிரோடு, கால் கட்டி, விமானத்தில் போகிற எங்கள் சேற்று நண்டுதான் அது. கொழும்பு மெனுவில் சிங்கப்பூர் என்ற பெயர் மட்டும் இருக்கிறது, நண்டு பிடித்த களப்பின் பெயர் இல்லை. பரிமாறிய தம்பியிடம் எந்த ஊர் நண்டு என்று கேட்டேன். உள்ளே போய் விசாரித்து வந்து, "இன்றைக்குப் புத்தளம் நண்டு" என்றார். சரி, அதை மெனுவில் எழுதுங்களேன் என்றேன். "அக்கா எந்த இடம்?" என்று கேட்டார். கல்லடி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் எங்கள் பக்கம்தான், களுவாஞ்சிக்குடி. அதற்குப் பிறகு எங்கள் மேசைக்குப் பணிஸ் குறையவே இல்லை.

கடைசியில் ரம்பைச் சாறு ஊற்றிய பச்சை நிறப் புடிங். நாங்கள் ரம்பையைக் கறிக்குப் போட்டுவிட்டு எடுத்து வீசுகிறோம். அவர்கள் அரைத்துப் பிழிந்து இனிப்புக்கு ஊற்றுகிறார்கள். இதை நான் விடப்போவதில்லை.

பில்லில் 10% சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18% வற் வரி. தங்கச்சி எனக்குக் காட்டாமல் கட்டினாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

காலை ரெயிலில் ஊருக்கு. பொலன்னறுவை தாண்டும் வரை தூங்கினேன்.

6 ஆகஸ்ட், புதன்

விடியவே வாவிக்கரைக்குப் போனேன். எங்களுக்கு மீன் தருகிற மாமா நண்டு தர மறுத்துவிட்டார். "நிலவு காலத்து நண்டு வெறும் கோது மனே. அமாவாசை வரட்டும்" என்றார். நாளை மறுநாள் பறுவம். அவருடைய கூடையில் இருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், பெரிதாக இருந்தும் கையில் கனமில்லை. ஓடு கழற்றிய நண்டுக்குள் இறைச்சி நிரம்ப நாள் எடுக்கும். விற்றால் காசு என்று தலையில் கட்டாமல் திருப்பி அனுப்பினாரே, அந்த மனுசனை நம்பி எத்தனை நண்டும் வாங்கலாம்.

நண்டில்லாத கை சும்மா இருக்கவில்லை. ரம்பையை அரைத்துப் பிழிந்து, சீனிப்பாகில் கலந்து, எருமைத் தயிரில் ஊற்றினேன். அம்மா முதலில் நிறத்தைப் பார்த்து ஒதுக்கினா. பிறகு சட்டியில் பாதியை அவவே முடித்தா.

24 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று அமாவாசை. இன்று மாமா கொடுத்த நண்டு கல் மாதிரிக் கனம்.

சிங்கப்பூர்க் குழம்பை அப்படியே செய்ய எனக்கு மனமில்லை. தக்காளியும் இஞ்சியும் உள்ளியும் அவர்களுடையபடி. செத்தல் மிளகாய் அம்மியில் அரைத்தது. சீனியைக் குறைத்துப் பழப்புளி. முட்டைக்குப் பதிலாக, அடுப்பை அணைக்கும் முன் முதற்பால் விட்டு, முருங்கையிலை ஒரு கை. தாச்சியை நன்றாகப் புகையவிட்டுத்தான் நண்டைப் போட்டேன். அந்தச் சூடுதான் கொழும்பில் நான் கண்ட பெரிய வித்தியாசம். எங்கள் கறியில் நண்டு மெதுவாகக் கொதித்து ஊறும், அங்கே சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இறைச்சியின் இனிப்பு வெளியே ஓடுவதில்லை. எங்கள் வீட்டு அடுப்பில் அந்த நெருப்பு வராது, அதனால் இரண்டு தடவையாகப் பிரித்துச் சமைத்தேன்.

தொட்டுக்கொள்ள ரோஸ் பாண்.

விடுதியில் நின்ற இரண்டு குடும்பத்துக்கும் வைத்தேன். ஒரு குடும்பம் நாளைக்கும் வேண்டும் என்றது. நிலவு வளரத் தொடங்கிவிட்டது, இந்தக் கிழமை மட்டும்தான் என்று சொன்னேன். பலகையில் "மட்டக்களப்பு வாவி நண்டு, அமாவாசையை அண்டிய நாட்களில் மட்டும்" என்று எழுதியாயிற்று. விலை இன்னும் போடவில்லை. மாமாவிடம் பேசித்தான் போட வேண்டும், அவருக்கும் கட்டுப்படியாக வேண்டும்.